பிள்ளைக்கு ஒரு கதை: சிறுவர் புத்தகமும் மொன்றியல் நூலகமும்



போன இதழில் வேலை அனுமதிப்பத்திரம் பற்றியும், சமஷ்டி அரசின் வைத்தியத் திட்டம் பற்றியும் எழுதியிருந்தோம். இந்த முறை எழுதப் போகிற விசயம் சிலருக்குத் தேவையில்லாததுபோலத் தெரியலாம். "கேஸ் என்னாகுமோ என்று நித்திரை இல்லாமல் இருக்கிறம், இதுக்குள்ள கதைப் புத்தகமோ?" என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு வருகிற தாய் தகப்பன்மார் ஒரு வருடம் கழித்து என்னிடம் சொல்லி அழுகிற விசயம் பெரும்பாலும் கேஸ் அல்ல. "பிள்ளை என்னோட கதைக்கிறான் இல்லை" என்பதுதான்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. செலவு இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, பிரெஞ்சு தெரிந்திருக்கவும் வேண்டாம். அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

எங்கட வீட்டில் நடந்தது

நான் ஊரில் பன்னிரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தவள். இங்கே வந்தபோது மகனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்து சில கிழமைக்குள் ஒருவர் எனக்கு நல்ல மனத்தோடு ஒரு புத்தி சொன்னார்: "வீட்டிலும் பிரெஞ்சே பேசுங்கள், அப்போதுதான் பிள்ளை முன்னேறும்." நான் ரீச்சர்; ரீச்சர் சொன்னால் கேட்கிற ஆளும்தான். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த நாற்பது ஐம்பது பிரெஞ்சுச் சொல்லை வைத்துப் பிள்ளையோடு கதைத்தேன். "சாப்பிடு", "படு", "சப்பாத்தைப் போடு". வேறென்ன சொல்லத் தெரியும்? கோபத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. கதை சொல்ல எப்படி முடியும்? எட்டு மாதத்தில் வீடு சத்தமில்லாமல் போயிற்று. அவனுக்குப் பிரெஞ்சு வந்தது. எனக்கு அவன் இல்லாமல் போனான்.

பிறகு ஒரு குளிர்நாள், பஸ்ஸுக்கு நிற்க முடியாமல் பக்கத்தில் இருந்த நூலகத்துக்குள் ஒதுங்கினோம். காசு கேட்பார்களோ என்று பயம். ஒருவரும் கேட்கவில்லை. அங்கே வேலை செய்த பெண் மகனைப் பார்த்து ஒரு படப்புத்தகத்தைத் தந்தார். திறந்தால் ஒரு எழுத்துக்கூட இல்லை, முழுக்கப் படம். மகன் என்னைப் பார்த்தான். நானும் யோசிக்காமல் தமிழில் தொடங்கினேன்: "ஒரு ஊரில ஒரு பிள்ளை இருந்தாளாம்..." அவன் என் மடியில் ஏறி இருந்தான். அவன் அப்படி இருந்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

எழுத்தில்லாத அந்தப் புத்தகம் நூலகத்துக்குத் தற்செயலாக வந்ததல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படியான புத்தகங்களைத் தேடிச் சேர்த்து, பிள்ளைகளின் கையில் போய்ச் சேர வேண்டும் என்று சம்பளமில்லாமல் உழைக்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களின் கதை எங்களுக்கும் கிட்டத்தான்.

அகதியாகப் போன ஒரு பெண் தொடங்கிய வேலை

1933ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் நாசிகள் தெருவில் குவித்துப் புத்தகங்களை எரித்தார்கள். அந்த நாட்டில் யெல்லா லெப்மன் என்று ஒரு யூதப் பெண் இருந்தார். பத்திரிகையாளர், கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். 1936இல் பிள்ளைகளோடு வெளிக்கிட்டு இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார்.

யுத்தம் முடிந்த 1945இல் அமெரிக்க இராணுவத்தின் ஆலோசகராக அதே ஜெர்மனிக்குத் திரும்பினார். பெண்கள், பிள்ளைகள் தொடர்பான வேலை. நகரங்கள் இடிந்து கிடந்தன. பிள்ளைகளுக்கு முதலில் தேவை சாப்பாடும் உடுப்பும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் புத்தகமும் வேண்டும் என்றார். இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் நாட்டுச் சிறுவர் புத்தகங்களை அனுப்புங்கள், மொழி தெரியாத பிள்ளைகளும் பார்க்கக் கூடியதாகப் படப்புத்தகங்களை விசேடமாக அனுப்புங்கள் என்று கேட்டார். ஜெர்மனி இரண்டு முறை படையெடுத்த நாடு பெல்ஜியம். முதலில் அது மறுத்துவிட்டது. லெப்மன் விடவில்லை. யுத்தத்துக்குப் பிள்ளைகள் பொறுப்பல்ல என்று திரும்பவும் எழுதினார். பெல்ஜியமும் அனுப்பியது.

1946 யூலையில் மியூனிக் நகரில் அந்தக் கண்காட்சி திறந்தது. அதே வருடம் நத்தாருக்கு, சண்டை போட விரும்பாமல் பூ மணந்துகொண்டு இருக்கிற ஃபெர்டினாண்ட் என்ற எருதின் கதையைத் தானே ஜெர்மன் மொழிக்கு மாற்றி, பத்திரிகைத் தாளில் 30,000 பிரதி அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 1949இல் மியூனிக்கில் சர்வதேச இளையோர் நூலகம் திறந்தது. அது இன்றும் இயங்குகிறது. 1953இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், சிறுவர் நூல்களுக்கான சர்வதேச சபை உருவானது. சுருக்கமாக அதை "இபி" என்பார்கள். இன்றைக்கு எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் அதற்குக் கிளை உண்டு. 1967இலிருந்து ஏப்ரல் 2ஆம் திகதியைச் சர்வதேச சிறுவர் நூல் தினமாகக் கொண்டாடுவதும் இவர்கள்தான். அது டென்மார்க் கதாசிரியர் ஹான்ஸ் அண்டர்சன் பிறந்த நாள்.

புத்தகம் எரிவது என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிந்தது. கிட்டத்தட்ட 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நூலகம் தொடங்கியது எப்படி என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன்னுடைய வீட்டில் புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் விதை. ஜெர்மனியில் புத்தகம் எரித்த அதே வருடம், எங்கட ஊரில் ஒரு மனிசன் தன் வீட்டைத் திறந்து புத்தகம் கொடுத்திருக்கிறார். இதுவும் தொண்டு வேலைதான்.

எழுத்தில்லாத புத்தகங்கள்

கடல் வழியாக ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் அகதிகள் வந்து இறங்குகிற இடம் இத்தாலியின் லம்பெடூசா என்ற சின்னத் தீவு. அங்கே பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் இருக்கவில்லை. 2012இல் இபி அமைப்பினர் ஒரு வேலை தொடங்கினார்கள். பல நாடுகளிலிருந்தும் எழுத்தே இல்லாத படப்புத்தகங்களைச் சேர்த்தார்கள். தீவுப் பிள்ளையும், படகில் வந்த பிள்ளையும், எந்த மொழி பேசினாலும் ஒரே புத்தகத்தை ஒன்றாக இருந்து பார்க்கலாம் என்பதுதான் எண்ணம். அதற்கு "மௌனப் புத்தகங்கள்" என்று பெயர் வைத்தார்கள்.

இபியின் கனடாப் பிரிவு பெரும்பாலும் தொண்டர்களால் நடத்தப்படுவது. நூலகர், ஆசிரியர், எழுத்தாளர், படம் வரைபவர்கள் என்று பலர் தங்கள் ஓய்வு நேரத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் வழங்குகிற ஒரு முக்கிய பரிசு எலிசபெத் மிராசிக்-கிளீவர் என்பவரின் பெயரில் இருக்கிறது. அவர் 1939இல் இந்த மொன்றியலில், ஹங்கேரியிலிருந்து குடிவந்த பெற்றோருக்குப் பிறந்தவர். வெட்டிய, கிழித்த கடதாசித் துண்டுகளை ஒட்டிச் சிறுவர் புத்தகங்களுக்கு அழகான படங்கள் செய்தார். 1985இல் இறந்தார். இப்போது கனடாவின் நல்ல படப்புத்தகத்துக்கு அவர் பெயரில் பரிசு. வேற்று நாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

சிறுவர் இலக்கியத்தில் உலகத்தின் பெரிய விருது இபி வழங்குகிற ஹான்ஸ் அண்டர்சன் விருது. 2024இல் படம் வரைபவருக்கான அந்த விருது கனடாவைச் சேர்ந்த சிட்னி சிமித்துக்குக் கிடைத்தது. அவர் படம் வரைந்து, ரொறன்ரோக் கவிஞர் ஜோன்ஆர்னோ லோசன் கதை அமைத்த ஒரு புத்தகம் 2015இல் வந்தது. நடைபாதையில் பூக்கிற பூக்களைப் பற்றியது. ஒரு சின்னப்பிள்ளை தகப்பனோடு தெருவால் நடந்து போகிறாள். தகப்பன் ரெலிபோனில் கதைத்தபடி. பிள்ளை சீமெந்து வெடிப்பில் முளைத்த பூக்களைப் பிடுங்கி, வழியில் காண்கிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே போகிறாள். ஒரு சொல்லும் இல்லை. எங்களைப்போல எப்போதும் ரெலிபோனில் வழக்கறிஞரையும் ஊரையும் பிடித்துக்கொண்டு இருக்கிற தாய் தகப்பன் பார்க்க வேண்டிய புத்தகம் இது.

மொன்றியலிலேயே 1971இலிருந்து இயங்குகிற இன்னொரு இலாப நோக்கற்ற அமைப்பு கொம்யூனிக்காசியோன்-ஜெனெஸ். கியூபெக்கின் சிறுவர் நூல்களை அறிமுகப்படுத்துவது அதன் வேலை. பிள்ளை எந்தப் பிரெஞ்சுப் புத்தகம் வாசிக்கலாம் என்று பள்ளியிலோ நூலகத்திலோ கேட்கும்போது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த அமைப்புகள் பண உதவி செய்வதில்லை. அகதிக் கோரிக்கைக்கு இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக இவர்களிடம் போகாதேங்கோ. இவர்கள் தேடிச் சேர்த்து அறிமுகம் செய்கிற நல்ல புத்தகங்கள் வந்து சேருகிற இடம் நூலகம். நீங்கள் போக வேண்டியது அங்கேதான்.

நூலக அட்டை எடுப்பது எப்படி?

மொன்றியல் மாநகர நூலகங்கள் இந்த நகரத்தில் குடியிருக்கிற எவருக்கும் இலவசம். அட்டை எடுக்க இரண்டு விசயம் கேட்பார்கள்: நீங்கள் யார் என்பதற்கு ஒரு அத்தாட்சி, எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு அத்தாட்சி. அகதிக் கோரிக்கையாளருக்குத் தரப்பட்ட பத்திரத்தையும், உங்கள் பெயரும் விலாசமும் உள்ள ஒரு கடிதத்தையும் கொண்டு போங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், அரசாங்கக் கடிதம் போன்றவை நல்லது. தங்குமிடத்தில் இருக்கிறவர்கள் அங்கே ஒரு கடிதம் கேட்டு எடுங்கள். இது ஒன்றும் இல்லாவிட்டால் அப்படியே திரும்பி வராமல், என்ன கொண்டு வரலாம் என்று அங்கேயே கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அட்டை எடுக்கும்போது தாயோ தகப்பனோ கூட நிற்க வேண்டும்.

எங்களிடம் அடிக்கடி கேட்கிற சில கேள்விகள்:

"அட்டை எடுத்தால் கேஸைப் பாதிக்குமோ?" இல்லை. நூலகம் குடிவரவு அலுவலகம் அல்ல. நூலக அட்டை அரசாங்க உதவிப் பணமும் அல்ல.

"பிந்திக் கொண்டுபோனால் தண்டம் கட்ட வேணுமோ?" மொன்றியல் நூலகங்கள் 2021இல் பிந்திய தண்டத்தை நிறுத்திவிட்டன. ஆனால் புத்தகத்தைத் துலைத்தாலோ பழுதாக்கினாலோ அதன் விலையைக் கேட்பார்கள். அதனால் வீட்டில் நூலகப் புத்தகத்துக்கு என்று ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்.

"உள்ளே போய் இருக்க அட்டை வேணுமோ?" வேண்டாம். அட்டை இல்லாமலே போய் இருந்து வாசிக்கலாம். குளிர்காலத்தில் பிள்ளைகளோடு போக இதைவிட நல்ல இடம் இல்லை.

"பிரெஞ்சு தெரியாமல் என்னெண்டு கேக்கிறது?" மூன்று சொல் பாடமாக்குங்கள். எழுத்தில்லாத படப்புத்தகத்துக்கு "அல்பம் சான் தெக்ஸ்ட்". தமிழுக்கு "தமூல்". பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிற நேரத்துக்கு "ஓர் து கோந்த்". இது இலவச நிகழ்ச்சி. எந்த நாள், எத்தனை மணி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோட்-டே-நேஜ் பகுதியில் இருக்கிறவர்களுக்கு, பல இனத்தவரையும் மனதில் வைத்து அமைந்த நூலகம் கோட்-டே-நேஜ் வீதியிலேயே இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது நகர மத்தியில், பெரி-யூக்காம் மெற்றோ நிலையத்தோடு சேர்ந்திருக்கிற "கிராந்த் பிப்ளியோத்தேக்". 2005இல் திறந்தது. கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. அது மாகாணத்தின் நூலகம் என்பதால் அதற்கு வேறு அட்டை. கியூபெக்கில் வசிப்பவர்களுக்கு அதுவும் இலவசம்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை வைத்திருக்கிறவர்கள் "உன் நெசான்ஸ், அன் லிவ்ர்" என்று கேட்டுப் பாருங்கள். பிறந்த பிள்ளையை நூலகத்தில் சேர்த்தால் ஒரு புத்தகப் பரிசு தருகிற திட்டம் அது. பங்குபற்றுகிற நூலகங்களில் கிடைக்கும். அதேபோல, எழுத்தறிவு வளர்க்கிற ஒரு அறக்கட்டளை "லா லெக்த்யூர் ஆன் கதோ" என்ற பெயரில் 1999இலிருந்து வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகம் கொடுத்து வருகிறது. அது பள்ளிக்கூடங்கள், பிள்ளை பராமரிப்பு நிலையங்கள், சமூக அமைப்புகள் வழியாக வரும். பிள்ளை ஒருநாள் பையில் புதுப் புத்தகம் கொண்டு வந்தால் களவெடுத்தானோ என்று ஏசிப் போடாதேங்கோ. அப்படி ஏசின ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

வீட்டில் எப்படி வாசிப்பது?

ரீச்சராக இருந்த பழக்கத்தில் கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், குறை நினையாதேங்கோ.

1. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஒரே நேரத்தில். படுக்கைக்குப் போக முன்னம் நல்லது. ரெலிபோனை வேறு அறையில் வையுங்கள்.

2. எழுத்தில்லாத புத்தகமாக இருந்தால் முதல் தரம் ஒன்றும் பேசாமல் இரண்டு பேரும் பார்த்து முடியுங்கள். இரண்டாம் தரம் நீங்கள் தமிழில் சொல்லுங்கள். மூன்றாம் தரம் பிள்ளை சொல்லட்டும். ஒவ்வொரு முறையும் கதை மாறும். மாறினால்தான் நல்லது.

3. பிள்ளைக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்துவிட்டால், அவன் பிரெஞ்சில் வாசித்து உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். உங்களுக்குப் பிரெஞ்சு வரும், அவனுக்குத் தமிழ் நிற்கும்.

4. சோதனை வைக்காதேங்கோ. "இது என்ன நிறம், எத்தனை பூ" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை எழும்பிப் போய்விடும். "அவள் ஏன் பூவைக் குடுத்தவள்?" என்று கேளுங்கள்.

5. சில படங்கள் பிள்ளையைப் பயப்படுத்தலாம். படகு, சீருடை போட்ட ஆட்கள், இருட்டு. நாங்கள் கடந்து வந்தது அப்படி. பிள்ளை புத்தகத்தை மூடினால் மூட விடுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர் போவது தொடர்ந்தால் எங்களிடம் சொல்லுங்கள், உதவி இருக்கிறது.

6. உங்களுக்கே எழுத வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாதேங்கோ. எங்கட அம்மம்மாமாருக்கு எழுத்துத் தெரியாது; அவர்கள் சொன்ன நரிக் கதையும் காக்காக் கதையும் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லையே. மௌனப் புத்தகத்துக்கு எழுத்துத் தேவையில்லை.

தமிழ் பேசினால் பிரெஞ்சு வராது என்பது சரியல்ல. வீட்டு மொழியில் நிறையச் சொல்லும் கதையும் கேட்ட பிள்ளைக்கு இரண்டாம் மொழி படிக்க அத்திவாரம் இருக்கும். இங்கே உங்கள் பிள்ளை படிக்கப் போவது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான். "கிளாஸ் தாக்கேய்" என்ற வரவேற்பு வகுப்பில் அவர்கள் அதைப் படிப்பிப்பார்கள். அது அவர்களின் வேலை. தமிழ் எங்கட வேலை.

தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

மாநகர நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரு கிளையில் இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து எடுப்பித்துத் தருவார்கள். கேட்கக் கேட்கத்தான் வாங்கி வைப்பார்கள். ஒருவரும் கேட்காத மொழிக்கு இடம் இராது.

கணினியிலோ ரெலிபோனிலோ பார்க்கக் கூடியவர்களுக்கு இரண்டு நல்ல இடம் உண்டு. இந்தியாவில் பிரதம் புக்ஸ் என்ற இலாப நோக்கற்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய "ஸ்டோரிவீவர்" தளத்தில் நிறையத் தமிழ்ச் சிறுவர் கதைகள் படங்களோடு இலவசமாக இருக்கின்றன. மற்றது 2005இல் தொண்டர்கள் தொடங்கிய "நூலகம்" திட்டம். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகளை மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் சின்னனில் வாசித்த புத்தகம்கூட அங்கே இருக்கலாம். எரிந்த நூலகத்துக்கு இதுவும் ஒரு பதில் என்று நான் நினைப்பதுண்டு.

கடைசியாக ஒரு விசயம்

பிரெஞ்சு வேகமாகப் பிடித்த பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கம் எங்கட ஆட்களிடம் இருக்கிறது. வழக்கறிஞரிடம், வைத்தியரிடம், எங்களிடமும்கூட. தயவுசெய்து வேண்டாம். ஊரில் உங்களுக்கு நடந்ததைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்கக் கூடாது. அகதிகள் சபையின் விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். மற்ற இடங்களுக்கு எங்களிடம் முன்கூட்டியே சொன்னால் தொண்டர் ஒருவரை அனுப்பப் பார்ப்போம். பிள்ளை உங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியது ஒரு கதைப் புத்தகத்தை மட்டும்தான்.

என் மகனுக்கு இப்போது தாடி முளைக்கிற வயது. மடியில் இருக்க மாட்டான். ஆனால் பள்ளியால் வந்தால் குசினிக்குள் வந்து நின்று, அன்று நடந்ததைத் தமிழில்தான் சொல்லுகிறான். இடையிடை பிரெஞ்சு கலக்கும். கலக்கட்டும்.

நூலக அட்டை எடுக்கப் போகத் தயக்கமாக இருந்தால், விலாசக் கடிதம் தேவைப்பட்டால், அலுவலகத்துக்கு வாங்கோ. முதல் தரம் உங்களோடு நாங்களே வருவோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.

குறிப்பு: இது பொதுவான தகவல் மட்டுமே. திட்டங்களும் நேரங்களும் மாறக்கூடும். போக முன்னர் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.